படுத்த படுக்கைக்கு ஒரு மெத்தை

மன்னார்குடியில் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, பெண்ட் எடுப்பது, வாடகைக்கு சைக்கிள் விடுவது என்று வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதர். 2018 பொங்கல் முடிந்த கையோடு, கடை வாசலிலேயே அவருக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் மாத்திரைகளின் பெயரும் வேளையும் மட்டும் இருந்தன. இனி மாதக்கணக்கில் படுத்தே இருக்கப்போகும் ஒருவர் எதன்மேல் படுக்க வேண்டும் என்பதை யாரும் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை.

வீட்டில் இருந்தது தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலும் ஓர் இலவம்பஞ்சு மெத்தையும். வெயில் காலத்தில் அந்த மெத்தைக்கு ஈடு கிடையாது. புரண்டு படுத்துத் தூங்கும் ஆளுக்கு அது சுகம். புரள முடியாதவர் படுத்தால் கதை வேறு. இடுப்பு பதியும் இடத்தில் பஞ்சு இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, எலும்பு கிட்டத்தட்ட பலகையிலேயே உட்கார்ந்துவிடும். மேலே பார்த்தால் மெத்தை. அடியில் நடப்பது வேறு.

இரண்டு தெரு தள்ளி, அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான். அப்பாவைப் பார்க்க வந்தவர் மருந்துச் சீட்டைக் கேட்கவில்லை. “அண்ணனை ஒருக்களிச்சுப் படுக்க வைங்கக்கா, முதுகைப் பாக்கணும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்பா நல்ல கறுப்பு. வால் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தோல் இன்னும் கறுத்திருந்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். “தேய்க்காதீங்கக்கா. உள்ளே ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கு, தேய்ச்சா இன்னும் சிதையும்” என்று தடுத்தார் சிஸ்டர். விரலால் அந்த இடத்தை அழுத்தி எடுத்துக் காட்டினார். நல்ல தோலாக இருந்தால் ஒரு கணம் வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பும். இது வெளுக்கவே இல்லை. பிறகு என் புறங்கையை எடுத்து அங்கே வைத்தார். சுற்றியிருந்த தோலைவிடச் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. “புஸ்தகத்துல செவந்திருக்கும்னு போட்டிருப்பான். நம்ம நிறத்துல செவப்பு எங்கம்மா தெரியும்? தொட்டுத்தான் பாக்கணும்” என்றார். படுக்கைப் புண்ணின் முதல் நிலை அது. தோல் கிழியவில்லை, இப்போதே அழுத்தத்தை எடுத்துவிட்டால் சில நாளில் சரியாகிவிடும். விட்டால் தோல் உரியும், அடுத்து குழி விழும், அதற்கும் அடுத்து சதை அழுகி எலும்பு தெரியும். மேலே சின்ன வாயாக இருக்கும் புண் உள்ளே பெரிய பையாகப் பரவியிருக்கும் என்றும், அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

அன்று அவர் சொன்னதையும் பின்னால் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தோலுக்குள் ஓடும் மிக மெல்லிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. 1930-ல் யூஜின் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் நகத்தை ஒட்டிய தோலில் அளந்தபோது, அந்தக் குழாய்களுக்குள் ரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அளவு வந்தது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே மாட்டிய தோலில் அழுத்தம் இதை எளிதில் தாண்டிவிடும். ரத்தம் நின்றால் அந்த இடத்துச் சதை பட்டினி கிடக்கிறது. நமக்கெல்லாம் தூக்கத்திலேயே அந்த உறுத்தல் தெரிந்து, விழிக்காமலே புரண்டுவிடுகிறோம். பக்கவாதம் வந்தவருக்கு உறுத்தலும் தெரிவதில்லை, தெரிந்தாலும் புரள முடிவதில்லை. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில் எலும்புக்கு மேல் சதை குறைவு. புண் வருவதும் அங்கேதான்.

அழுத்தத்தோடு சேர்ந்து கெடுப்பவை இன்னும் இரண்டு. ஒன்று ஈரம்: வியர்வையிலும் சிறுநீரிலும் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். இன்னொன்று இழுவை. சாப்பாடு ஊட்டுவதற்காகத் தலைப்பக்கம் தலையணைகளை அடுக்கி அப்பாவை நிமிர்த்தி வைப்போம். சிறிது நேரத்தில் உடம்பு கீழே வழியும். முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்கும். எலும்பு உள்ளே நகரும். நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பெரிய சேதம் இப்படித்தான் நடக்கிறது. ஊட்டும்போது நிமிர்த்தி வைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். உணவு இறங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு தலைப்பக்கத்தை முப்பது டிகிரிக்குள் இறக்கிவிட வேண்டும் என்றார் சிஸ்டர்.

அவர் பேச்சு அடுத்து மெத்தைக்கு வந்தது. தம்பி அன்றே தஞ்சாவூருக்குப் போய் மருத்துவச் சாதனக் கடையில் விசாரித்தான். இரண்டு காட்டினார்கள்: வாட்டர் பெட், ஏர் பெட். வாட்டர் பெட் நம் ஊரில் பலரும் அறிந்தது. படுக்கைப் புண்ணுக்காகவே 1832-ல் நீல் ஆர்னாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் செய்தது அது. உடம்பை நீர் தாங்கும்போது எடை ஒரே இடத்தில் விழாமல் பரவும் என்பது அவருடைய எண்ணம். எண்ணம் சரிதான். வீட்டில் வைத்துப் பார்த்தால் சிரமம் தெரியும். நிரப்பிவிட்டால் அசைக்க முடியாத கனம், மார்கழியில் சில்லிடும், உள்ளே தண்ணீர் தளும்புவதால் நோயாளியைத் திருப்ப ஒரு பிடிமானம் கிடைக்காது, ஓட்டை விழுந்தால் கூடமெல்லாம் வெள்ளம். சிஸ்டர் ஏர் பெட்டையே வாங்கச் சொன்னார். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அது தனி மெத்தை அல்ல. இருக்கிற மெத்தையின்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதில் காற்றுக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். கால்மாட்டில் ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து இரண்டு குழாய்கள். ஒரு குழாய் ஒரு பாதிக் குமிழ்களை நிரப்பும்போது இன்னொன்று மீதிக் குமிழ்களைத் தளர்த்தும். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இது மாறும். இந்த நேரம் தாங்கும் இடம் அடுத்த முறை ஓய்வெடுக்கும். அதனால் அந்த பம்ப் இரவு பகல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின் கட்டணத்துக்குப் பயந்து இரவில் அணைத்துவிடும் வீடுகளைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். அணைத்துவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு.

விரிப்பதிலும் முறை இருந்தது. பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, சமதளமான கயிற்றுநார் மெத்தை ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏர் பெட்டை விரித்தோம். அம்மா அதற்கு மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த போர்வை, அதன்மேல் விரிப்பு என்று அடுக்க ஆரம்பித்தார். சிஸ்டர் எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை மட்டும் விரித்தார். எத்தனை மடிப்பு நடுவில் வருகிறதோ அத்தனைக்கும் காற்றுக் குமிழின் வேலை வீணாகும். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலே அது தோலில் கோடு போடும்.

மெத்தை தாங்குகிறதா என்று பார்க்க அவர் கற்றுக் கொடுத்த சோதனையை இன்றுவரை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். நோயாளி படுத்திருக்கும்போதே, அவருடைய இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைக்க வேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. காற்று இறங்கிய டயரில் ரிம் தரையைத் தொடுவது போன்ற நிலை அது. சிஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டுக்கொண்டேதான் இருந்தார். பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாகவே இருந்தது. வலது கையை நீட்டி பம்பிலிருந்த திருகைக் காட்டி, ‘கூட்டு’ என்று சைகை செய்தார். அன்றிலிருந்து அந்தப் படுக்கையின் காற்று அளவு அவர் பொறுப்பு.

கோடையில் ஒரு நாள் ஒரு பக்கக் குமிழ்கள் எழும்பவே இல்லை. கடைக்காரர் புதிதாக வாங்கச் சொன்னார். அப்பா தம்பியைக் கூப்பிட்டு விரல்களைக் குவித்துத் தேய்த்துக் காட்டினார்: சோப்பு நுரை. அவரை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, ஏர் பெட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவியபோது விரிப்பை இழுத்துக் குத்திய ஊக்கின் தடத்திலிருந்து நுரை பொங்கி வந்தது. சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. பெட்டியோடு வந்த ஒட்டையும் பசையையும் தம்பி போட்டான். அப்பா ஒவ்வொரு படியிலும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நோய் வந்தபின் அவர் முகத்தில் அவ்வளவு தெளிவை நான் பார்த்தது அன்றுதான்.

ஏர் பெட் வந்துவிட்டதால் வேலை குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைக்க சிஸ்டர் இடம் தரவில்லை. மல்லாந்து, இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். பக்கவாட்டில் முழுக்கத் திருப்பிவிடக் கூடாது. அப்படித் திருப்பினால் எடை முழுவதும் இடுப்பு எலும்பின்மேல் இறங்கும். முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்து, முப்பது டிகிரி சாய்வாக நிறுத்த வேண்டும். செயலிழந்த இடது பக்கத்தில் குறைந்த நேரம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொன்று; குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு நல்ல மெத்தையானாலும் குதிகாலை மட்டும் அதை நம்பி விடக் கூடாது. கீழே வழிந்தவரைத் தலைப்பக்கமாக நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது. நாலாக மடித்த வேட்டியை இடுப்புக்கு அடியில் போட்டு, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

பெரியம்மா அக்கறையோடு ஒரு காற்று வளையம் வாங்கி வந்தார். நடுவில் ஓட்டை உள்ள அந்த வளையத்தைப் புண் இருக்கும் இடத்துக்கு அடியில் வைப்பது பழைய வழக்கம். சிஸ்டர் வைக்க விடவில்லை. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்துவதால் நடுவில் உள்ள தோலுக்கு ரத்தம் வருவது நின்றுவிடும். அப்பாயி காலத்தில் படுத்தவர்களை வாழை இலையில் கிடத்துவார்கள் என்றும் பெரியம்மா சொன்னார். இலை குளிர்ச்சியானது, புண்ணில் ஒட்டாது, அதெல்லாம் உண்மை. ஆனால் எலும்பின் அழுத்தத்தை அது துளியும் குறைக்காது. சாப்பாட்டைப் பற்றியும் சிஸ்டர் கண்டிப்பாக இருந்தார். முட்டை, பருப்பு, விரால் மீன் என்று தினமும் புரதம் இறங்க வேண்டும். சதை வற்றினால் எந்த மெத்தையும் எலும்பைக் காப்பாற்றாது என்றார். முதுகிலிருந்த கறுப்பு மெல்ல மெல்ல வடிந்து, தோல் பழைய நிறத்துக்கு வந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. காற்று ஓலமிட்ட அந்த இரவில் முதலில் நின்றது மின்சாரம், அதோடு அப்பாவின் பம்ப். தம்பி குழாய்களை மடக்கிக் கட்டி இருந்த காற்றை நிறுத்தினான். விடிந்ததும் கடையிலிருந்து சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து, வால்வு டியூபை இடையில் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாக அடித்தான். அரை நாள் தாங்கும், பிறகு தளர்ந்துவிடும். மின்சாரம் வர வாரக்கணக்காகும் என்பது தெருவைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் சிஸ்டர் தன் தாயாருக்காக வாங்கி வைத்திருந்த தடித்த ஃபோம் மெத்தையைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் அல்ல, அடர்த்தி கூடியது. மேல்பரப்பு உடம்பின் வடிவத்துக்கு இறங்கிக் கொடுக்கும், அடிப்பகுதி கெட்டியாக நின்று தாங்கும். எடை உடம்பு முழுவதிலும் பரவுவதால் எந்த ஓர் எலும்பிலும் குவியாது. கரண்ட் வேண்டாம், காற்று வேண்டாம். ஏர் பெட்டைச் சுருட்டி வைத்துவிட்டு இதைப் போட்டோம். அம்மாவும் நானும் தம்பியும் முறை வைத்துக்கொண்டு, ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் நேரம் பார்த்துத் திருப்பிப் போட்டோம். ஒவ்வொரு முறையும் புறங்கையால் முதுகைத் தொட்டுப் பார்த்தோம். குடிக்கும் தண்ணீருக்கே வரிசையில் நின்ற நாட்கள் அவை. மின்சாரம் வந்தபோது அப்பாவின் முதுகில் ஒரு தழும்புகூட இல்லை.

காற்று மெத்தை இல்லாமல் எப்படித் தப்பினோம் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. விடையைப் பிறகு ஆய்வுகளில் கண்டேன். பிரிட்டனில் 2,029 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் காற்று மாறி மாறி ஓடும் மெத்தையும் மறு பகுதியினருக்கு உயர்தர ஃபோம் மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, தோல் கிழிந்த அல்லது அதைவிட மோசமான புதிய புண் காற்று மெத்தையில் 6.9 சதவீதம் பேருக்கும் ஃபோமில் 8.9 சதவீதம் பேருக்கும் வந்தது. காற்று மெத்தைதான் உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல அந்த இடைவெளி போதவில்லை. 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வு அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் நடந்தது. அடர்த்தி கூடிய ஃபோமில் படுத்திருந்த 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். மூன்று பிரிவுகளுக்கும் நடுவே பெரிய வேறுபாடு வரவில்லை. நல்ல மெத்தை கவனிப்பவருக்கு நேரத்தைக் கூட்டித் தருகிறது. திருப்பிப் போடும் வேலையை அது நீக்கிவிடுவதில்லை.

அப்பா அதற்குப் பிறகும் சில வருடங்கள் எங்களோடு இருந்தார். அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டிய உறவினர்கள் முதுகைப் பார்த்து அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அத்தனை காலம் படுத்தவர் உடம்பு புண்ணில்லாமல் இருந்ததை அவர்கள் எங்கும் கண்டதில்லை. நானும் அதற்குப் பின் பல வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். வசதியுள்ள வீட்டில், விலை கூடிய ஏர் பெட்டின்மேல் மூன்று போர்வைகளை அடுக்கி, திருப்ப ஆளில்லாமல் புண் வந்து கிடந்தவரைப் பார்த்தேன். ஓட்டு வீட்டில், ஒரு ஃபோம் மெத்தையிலும் மகளின் கையிலும் வருடக்கணக்காகப் புண்ணில்லாமல் இருக்கும் பாட்டியையும் பார்த்தேன்.

என் அனுபவத்தில் தேறிய தீர்ப்பு இது. தானாகப் புரள முடியாதவரை இலவம்பஞ்சிலோ வெறும் கயிற்றுநார் மெத்தையிலோ சாதாரண ஸ்பாஞ்சிலோ படுக்க வைக்காதீர்கள். நேரம் பார்த்துத் திருப்ப வீட்டில் ஆளிருந்து, மின்சாரம் நம்ப முடியாத ஊராக இருந்தால் அடர்த்தி கூடிய ஃபோம் நல்லது. திருப்ப ஆள் குறைவென்றாலோ, உடம்பு மிகவும் வற்றியிருந்தாலோ, ஏற்கெனவே புண் தொடங்கியிருந்தாலோ மருத்துவரைக் கேட்டு ஏர் பெட் போடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் அன்றே யோசித்து வையுங்கள். எந்த மெத்தையானாலும் ஒரே விரிப்பு, தினமும் ஒருமுறை முதுகையும் குதிகாலையும் பார்ப்பது, நேரம் தவறாமல் திருப்புவது, இவை மூன்றும் மாறாது.

மருத்துவர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மாத்திரையோடு மெத்தையையும் எழுதுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர்கள் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்கள் வருவது பெரிய காரியம். அவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில ஃபோம் மெத்தைகளும் ஏர் பெட்டுகளும் இரவலுக்கு இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து நடந்தபின் அல்லது போனபின் சுத்தம் செய்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். எங்கள் ஏர் பெட்டும் அப்படித்தான் அடுத்த தெருவுக்குப் போனது. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று சும்மா கிடந்தால், தேவைப்படும் ஒரு வீட்டை விசாரித்து இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள்.